கழுத்து உன்னிடம், உடம்பு என்னிடம்

பிப்ரவரி 9

மாப்பிள்ளைக்கு,

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. அதனால் உன் மூக்குக்கண்ணாடிக் கடை முகவரிக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு எழுதினால் உன் அக்கா கையில் சிக்கும். பிரிக்காமலே கிழித்துப் போடுவாள், அல்லது பிரித்துப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுவாள். இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பயப்படாதே, சமாதானம் பேச வரவில்லை. பாஸ் கிடாரின் கழுத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அன்றைக்கு அக்காவின் சாமான்களை ஏற்றிப்போக வந்தாய். அலமாரியைக் கழற்றினாய், மேஜையைக் கழற்றினாய், சரி. ஸ்க்ரூடிரைவர் கையில் இருந்த வேகத்தில் பின் அறைக்குள் புகுந்து கிடாரையும் கழற்றினாய். "கழுத்து நான் வாங்கினது. உடம்பு உங்களோடது, நீங்களே வச்சுக்கிட்டு அழுங்க" என்றாய். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கணக்குப்படி நியாயம்தான். பழைய சாமான் கடையில் அந்தக் கழுத்தைக் கண்டெடுத்தவன் நீ. என்னிடம் சும்மா கிடந்த உடம்போடு நாலு திருகாணி போட்டு அதைச் சேர்த்தது நாம் இரண்டு பேரும். ஆனாலும் பாகம் பிரிக்கிறவர்கள் ஒரே சட்டையை ஆளுக்கொரு கையாகக் கிழித்து எடுத்துப் போனதை நான் பார்த்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கழுத்துக்குள் ஓர் இரும்பு ராடு ஓடுகிறது. நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை முன்னால் இழுக்கும், ராடு பின்னால் இழுக்கும். இரண்டு பேரும் மல்லுக்கட்டும்வரை கழுத்து நேராக நிற்கும். நீ கம்பியை எல்லாம் உருவிப் போட்டுவிட்டாய். இப்போது பின்னால் இழுக்கிறவன் மட்டும் இருக்கிறான். இப்படியே விட்டால் கழுத்து வளைந்துவிடும்.

திருகாணி ஓட்டைகள் இருக்கிற முனையில் ராடின் தலை தெரியும். ஆலன் கீயைச் செருகி இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பு. தளர்ந்துவிடும். பிறகு படுக்கவைத்துவிடு. வெயில் படுகிற சுவரில் சாய்த்து வைக்காதே.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு அச்சகத்து மாடிக்கு நான் போகவில்லை. நம் டிரம்ஸ்காரன் குக்கர் போன் செய்தான். பாஸ் இல்லாமல் டிரம்ஸ் வாசிப்பது தகரக் கூரையில் கல் எறிகிற மாதிரி இருக்கிறதாம். அவன் விசில் அடிக்காமல் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியது இதுதான் முதல் தடவை.

அவள் சாப்பிடுகிறாளா என்று கேட்கமாட்டேன்.

மாமா


பிப்ரவரி 16

மாமாவுக்கு,

உங்களோடு பேசமாட்டேன் என்று அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். எழுதமாட்டேன் என்று செய்து கொடுக்கவில்லை. வக்கீல் மாதிரி வாதம் செய்கிறேன் என்று சிரிக்கவேண்டாம். நிஜ வக்கீலையே அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். விவாகரத்துப் பேப்பர் தயாராகிறது. மார்ச் கடைசிக்குள் அவள் கையெழுத்துப் போட்டு உங்களுக்கு அனுப்புவாள். திடீரென்று தபாலில் வந்து விழுந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் படித்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண் வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருக்கிறாள், நீங்கள் ராடைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறீர்கள். உங்களுக்கு நெஞ்சுக்குள் என்னதான் வைத்திருக்கிறார்கள்?

ஆனாலும் நீங்கள் சொன்னபடி செய்தேன். இடப்பக்கம் திருப்பினேன். இறுக்கமாக இருந்தது. துரு பிடித்திருக்கும் என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். டக் என்று ஒரு சத்தம். குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் முதல் ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில், விரல் வைக்கிற பலகை கழுத்தோடு ஒட்டுகிற இடத்தில், தலைமுடி அகலத்துக்கு ஒரு கோடு விட்டிருக்கிறது. கழுத்தை மேஜைமேல் வைத்தால் தொட்டில் மாதிரி ஆடுகிறது.

நீங்கள் சொன்னதைத்தான் செய்தேன். பிறகு என்மேல் பாயவேண்டாம்.

அக்கா சாப்பிடுகிறாள்.


பிப்ரவரி 21

டேய் மாப்பிள்ளை,

இடப்பக்கம் என்றால் உனக்கு எது? சோற்றுக் கைக்கு மறு கை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். தளர்த்தச் சொன்னதை இறுக்கியிருக்கிறாய். நீ தெரியாமல் செய்தாய் என்று நம்ப ஆசையாக இருக்கிறது, நம்ப முடியவில்லை. "உங்களோடது உங்களுக்கும் வேண்டாம், என்னோடது எனக்கும் வேண்டாம்" என்று முடித்துக்கட்டத்தான் அழுத்தினாயா? அப்படியென்றால் நேராகச் சொல். கோபத்தில் உடைத்தவனை மன்னிக்கலாம்.

அந்தக் கழுத்தோடு எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். ஃப்ரெட்டின் ஓரம் கையைக் கீறுகிறது என்று ஒவ்வொன்றாக அரம் போட்டோம். உன் கடையில் கண்ணாடி துடைக்கிற துணியைத் திருடிக்கொண்டு வந்து பாலிஷ் செய்தாய். கம்பியின் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்பை மாற்றியும் இரைச்சல் நிற்காமல், உடம்புக்குள் செம்புத் தகடு ஒட்டி, இன்னும் நிற்காமல், கடைசியில் பார்த்தால் எர்த் வயரை நான் சாலிடர் செய்ய மறந்திருந்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். உன் அக்கா எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வச்சிருக்கலாம்" என்றாள்.

பேப்பரைப் பற்றி எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தினமும் லிஃப்ட் ரிப்பேருக்கு இறங்குகிற குழிக்குள் நின்று படித்துக்கொண்டிருக்கிறேன். நான் என்ன செய்தேன் என்று யாராவது சொல்லவேண்டும். குடிக்கிறேனா? கை நீட்டினேனா? வேலை முடிந்து கிரீஸைக் கழுவிவிட்டுப் பின் அறையில் உட்கார்ந்து வாசித்தேன். அதுவும் அவளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு. பேயறைந்த மாதிரி நின்ற என்னிடம் போகும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நீங்கதானே சரின்னு சொன்னீங்க."

நான் எதற்குச் சரி என்றேன்? எப்போது? அதை மட்டும் அவளிடம் கேட்டு எழுது. எனக்கு அவள் வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

மாமா


மார்ச் 1

மாமாவுக்கு,

நான் வேண்டுமென்று செய்யவில்லை. அக்காமேல் ஆணை.

என் வேலையை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து இரவுவரை என் எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பார். "இடது கண்ணை மூடுங்க" என்றால் அவருடைய இடது கண். அது எனக்கு வலப்பக்கம் இருக்கும். எனக்கு இடம் என்றாலே எதிரில் இருப்பவரின் இடம்தான். கழுத்தை மேஜையில் என்னைப் பார்த்து வைத்துக்கொண்டேன். நீங்கள் இடப்பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். கழுத்துக்கு எது இடமோ அந்தப் பக்கம் திருப்பினேன். இதை எழுதும்போதே எவ்வளவு மடத்தனம் என்று தெரிகிறது. சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அக்காவிடம் கேட்டேன். முதலில், "உனக்கெதுக்கு?" என்றாள். பிறகு துணி மடித்துக்கொண்டே சொன்னாள். முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை இந்த ஊர்க் கிளைக்குப் பொறுப்பாளராகப் போகச் சொல்லியிருக்கிறார்கள். பதவி உயர்வு. உங்களிடம் சொல்ல ஒரு வாரமாக நேரம் பார்த்திருக்கிறாள். நீங்கள் வருவீர்கள், குளிப்பீர்கள், சாப்பிடுவீர்கள், உள்ளே போய்விடுவீர்கள். ஆபீசுக்குப் பதில் சொல்லவேண்டிய கடைசி நாள் பின் அறை வாசலில் வந்து நின்றாளாம். வேலைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னாளாம். சொல்லிவிட்டு, "நான் அங்க போயிடட்டுமா? தனியாவே போயிடட்டுமா?" என்று கேட்டாளாம்.

நீங்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினீர்களாம். லேசாக இல்லை, நன்றாக, நாலைந்து தடவை.

அப்போது உங்கள் கண்ணில் ஒரு சிரிப்பும் இருந்தது என்றாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். ஆம்ப்ளிஃபயர் போடாத பாஸ் வெளியில் எப்படிக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். டப், டப் என்று கம்பி பலகையில் படுகிற சத்தம் மட்டும். "அவர் காதுக்குள்ள ஒரு கச்சேரியே நடக்கும் போல. எனக்கு மூணு வருஷமா அந்த டப் டப்தான். குழாய் ஒழுகுற வீட்டுல இருக்கற மாதிரி." இதைச் சொன்னபோது துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


மார்ச் 6

மாப்பிள்ளை,

தாளத்துக்குத் தலையாட்டினேன்டா.

வேறு என்ன சொல்ல? காதில் பாட்டு ஓடுகிறது, டிரம்ஸ் ஓடுகிறது, ஒன்று இரண்டு மூன்று நாலு என்று எண்ணிக்கொண்டு வாசிக்கிறேன். எண்ணுகிறவன் தலை ஆடும். உன் தலையும் ஆடும், குக்கர் தலை கழன்று விழுகிற மாதிரி ஆடும். அவள் வாசலில் வந்து நின்றது நினைவிருக்கிறது. வெள்ளைக் கோட்டு நினைவிருக்கிறது. வாய் அசைந்ததும் தெரிந்தது. சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். இந்த ஒரு சுற்று முடிந்ததும் வருகிறேன் என்ற எண்ணத்தில் சிரித்தேன். அன்றைக்குத்தான் அந்த இடம் தடுக்காமல் வந்தது, அந்தச் சந்தோஷம் வேறு. முடித்துவிட்டு வெளியே வந்தால் அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தாள். களைப்பு என்று நினைத்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு நானும் படுத்தேன். எவ்வளவு நல்ல கணவன் பார்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒருவன் கீழே குழிக்குள் இருப்பான், ஒருவன் மேலே லிஃப்டின் கூரையில் நிற்பான். "மேல போகுது" என்று மேலே இருப்பவன் சத்தம் போட்டால் கீழே இருப்பவன் "மேல போகுது" என்று திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னால்தான் பெட்டியை நகர்த்தலாம். தலையாட்டினால் செல்லாது, "ம்" சொன்னால் செல்லாது. புதிதாக வருகிற பையன்களை இதற்காகவே திட்டித் தீர்ப்பேன். ஆள் செத்துப்போவான்டா, வாயைத் திறந்து சொல் என்பேன். அப்படிப்பட்டவன் வீட்டுக்குள் வந்ததும் காதை அடைத்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறேன்.

இதை அவளிடம் சொல். எனக்கு அவள் பேசியது கேட்கவில்லை என்று சொல். கேட்காத மனுஷன் ஆட்டிய தலைக்கு என்ன மதிப்பு? அதை வைத்தா வக்கீலிடம் போவார்கள்? கெஞ்சித்தான் கேட்கிறேன். இதுவரை உன்னிடம் கெஞ்சியதில்லை.

மாமா


மார்ச் 12

மாமாவுக்கு,

சொன்னேன்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "கேக்கலைன்னு எனக்குத் தெரியாதா? அவர் காதுல இருந்தது என் கண்ணுக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரிஞ்சா எதுக்கு அப்ப கேட்ட?" என்றேன்.

"அவருக்குக் காது கேக்கற நேரம்னு ஒண்ணு இருந்தா அப்பக் கேட்டிருப்பேனே."

அழுகிறாளா வெங்காயமா என்றுகூடத் தெரியவில்லை. அவளே கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு, "நீ அவருக்கு எழுதறியா?" என்றாள். ஆமாம் என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை.

எனக்கு உங்கள்மேல் கோபம் போகவில்லை, மாமா. ஆனால் கோபத்தோடு வேறொன்றும் சேர்ந்து வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அக்கா கல்யாணம் ஆகி உங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்களைப் பார்த்தால் எனக்குப் பயம். கறுத்த கையும் பெரிய குரலுமாக இருந்தீர்கள். நீங்கள்தான் என்னைக் கூப்பிட்டு, "இதைப் பிடி, இந்தக் கம்பியை அழுத்து" என்றீர்கள். அதற்கப்புறம் வாரம் தவறாமல் வந்தேன். அக்காவைப் பார்க்க வருகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன்.

பேப்பரில் கையெழுத்தானதும் அக்காவுக்கு நீங்கள் யாரோ. அப்போது எனக்கு நீங்கள் யார்? தெருவில் பார்த்தால் நான் உங்களை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது? உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. சார் என்றா? நான் இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உங்களிடமே கேட்கிறேன்.

இனிமேல் எழுதவேண்டாம் என்று நினைக்கிறேன். எழுதினால் அவளுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது. எழுதாவிட்டால் உங்களுக்கு.


மார்ச் 17

மாப்பிள்ளை,

இத்தோடு ஒரு பார்சல் வரும். கிடாரின் உடம்பு. பழைய போர்வையில் சுற்றியிருக்கிறேன், பிக்கப் பக்கம் அழுந்தாமல் பிரி. திருகாணி நாலும் ஒரு சின்ன டப்பாவில் இருக்கின்றன. புதுக் கம்பி ஒரு செட்டும் வைத்திருக்கிறேன்.

கழுத்தில் விட்ட கோட்டுக்குள் மரப் பசையை விட்டு, மெல்லிய அட்டையால் உள்ளே தள்ளி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் தொடாதே. கிளாம்ப் இல்லாவிட்டால் கனமான புத்தகங்களை அடுக்கு. பிறகு ராடைத் தளர்த்து. வலம் இடம் என்று இனி என் வாயில் வராது. ராடின் தலையை நேருக்கு நேர் பார்த்து வைத்துக்கொள். கடிகார முள் போகிற திசைக்கு எதிர்த்திசை. சுவரில் கடிகாரம் இருந்தால் ஒரு தடவை பார்த்துவிட்டே செய். அப்புறம் உடம்போடு முடுக்கி, கம்பி கட்டு. கம்பி இழுக்க இழுக்க கழுத்து கொஞ்சம் நிமிரும். முழுவதும் நேராகாது. முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பி கரகரக்கும். அதை விட்டுவிட்டு மேலே வாசி.

எனக்கு அது வேண்டாம். கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. அறையில் ஒரு ஆணி இருக்கிறது, அதில் ஹெட்போன் தொங்குகிறது. தினமும் வந்ததும் கை தானாக அங்கே போகிறது. இந்த ஆறு வாரமாக உடம்பு மட்டும் மேஜைமேல் கிடந்தது, கழுத்து இல்லாத பலகை, அதையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றால் நீ நம்பமாட்டாய். உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் வீடு எப்படிக் கேட்கிறது என்று கவனித்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. அவள் மூன்று வருஷம் இதற்குள் இருந்திருக்கிறாள்.

என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று கேட்டாய். எனக்கும் தெரியவில்லை. படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நானும் போடுகிறேன். அவள் கேட்டதற்கு அன்றைக்குத் தலையாட்டினேன். இப்போது வாயைத் திறந்து சொல்கிறேன்: எனக்குச் சம்மதம் இல்லை, எனக்கு அவள் வேண்டும், ஆனாலும் அவள் கேட்டால் போடுகிறேன். இதை இப்படியே, ஒரு வார்த்தை மாறாமல், அவளிடம் படித்துக் காட்டு.

மாமா


மார்ச் 25

மாமாவுக்கு,

பார்சல் வந்தது. இரண்டு நாள் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். அக்காதான் இழுத்து வெளியே போட்டாள்.

கழுத்தைச் சேர்க்கும்போது ஒரு ஆள் பிடித்துக்கொள்ளவேண்டும் இல்லையா? அவள் பிடித்துக்கொண்டாள். ராடைத் திருப்புமுன் நான் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்ததைக் கண்டு, "மணி பார்த்து எல்லாமா திருப்புவாங்க?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். உங்கள் இடம், என் இடம், கழுத்தின் இடம், எல்லாவற்றையும். இந்த வீட்டுக்கு வந்தபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பாதிச் சிரிப்பிலேயே நிறுத்திக்கொண்டாள்.

கம்பி கட்டி முடித்ததும் நான் பழக்கத்தில் ஹெட்போனை எடுத்தேன். "அது வேண்டாம். ஸ்பீக்கர்ல போடு" என்றாள். போட்டேன். "அவர் எப்பவும் வாசிப்பாரே, அதை வாசி."

உங்கள் டப் டப் எது என்று எனக்குத் தெரியும். கீழே கரகரக்கும் என்பதால் மேல் ஃப்ரெட்டுகளில் அதை வாசித்தேன். அதே நாலு சுரம், திரும்பத் திரும்ப, நடுவில் ஒரு சின்ன வளைவு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். நான் நிறுத்தினேன்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

எனக்கு எரிச்சலாகிவிட்டது. உங்களுக்காக வக்காலத்து வாங்கினேன், பாருங்கள். "அக்கா, இது பாஸ். தனியாக் கேட்டா இது ஒண்ணுமே இல்ல. பக்கத்துல இன்னொருத்தர் வாசிச்சாத்தான் இது என்னன்னே தெரியும்" என்றேன்.

அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அதைத்தான் நான் அவர்கிட்ட மூணு வருஷமா சொல்லிட்டிருந்தேன்" என்றாள்.

பிறகு உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். ஒரு வார்த்தை மாறாமல் படித்தேன். சம்மதம் இல்லை என்ற இடத்தில் என் குரல் உடைந்தது. அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

பேப்பரில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. அதிகம் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. கிடார் பேச்சு, பாட்டுப் பேச்சு எதுவும் வேண்டாம். நான் சொல்றதைக் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். அப்புறம்தான் கையெழுத்தா இல்லையான்னு நான் யோசிப்பேன்." உங்கள் லிஃப்ட் விதியை வெங்காயம் நறுக்கிய அன்றைக்கே நான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

பஸ் நிலையத்திலிருந்து நேரே வாருங்கள். மருந்துக் கடை வரும். அதைத் தாண்டியதும் தெரு இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் திரும்புங்கள்.

உங்கள் இடப்பக்கம், மாமா.